இருவருக்கும் பொதுவான நாய்

எங்கள் விவாகரத்தில் பிரிக்க முடியாமல் போனது நாய் ஒன்றுதான். மற்றதெல்லாம் சுலபமாகவே முடிந்தது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஜெலுத்தோங்கில் நாங்கள் குடியிருந்த தரைவீடு என் கணவருடைய அப்பா வாங்கியது, கணவரிடமே இருந்துவிட்டது. கட்டில், அலமாரி, சமையல் சாமான் எதிலும் இருவருக்கும் பிடிவாதம் இல்லை. நாயை மட்டும் நான் கேட்டேன். ஆனால் நான் குடிபோகவிருந்தது பாலத்துக்கு அந்தப் பக்கம் பத்து காவானில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு. அங்கே நாய் வளர்க்க விடமாட்டார்கள். அதனால் எங்கள் பெண்நாய் ஜெலுத்தோங்கிலேயே தங்கிவிட்டாள். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு நான் பாலத்தைத் தாண்டித் தீவுக்குள் வந்து, அவளைப் பார்த்துவிட்டுப் போவேன்.

அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் நாங்கள் இருவர் மட்டும்தான். அது எங்களோடு இருக்கட்டும்.

அவளைக் கொண்டு வந்தவர் அவர். பாயான் லெப்பாசில் அவர் வேலை செய்த தொழிற்சாலையின் கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் ஒரு லோங்காங்கில், அந்தச் சாக்கடைக்குள் மழைத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தபோது, குட்டி கத்தும் சத்தம் கேட்டு இறங்கித் தூக்கியிருக்கிறார். வேலைச் சட்டைக்குள் சுருட்டி வீட்டுக்கு எடுத்து வந்தார். மண் நிறம், மூக்கு மட்டும் கரி பூசியது போலக் கறுப்பு. "யாரு பாக்கறது இத? நானா?" என்று வாசலிலேயே சத்தம் போட்டேன். ஒரு வாரம்கூட ஆகவில்லை. நான் தொலைக்காட்சி பார்க்கும்போது என் பாதத்தின் மேல் தலையை வைத்துத் தூங்க ஆரம்பித்துவிட்டாள். கால் மரத்துப்போனாலும் நகர்த்த மாட்டேன்.

பிரிந்த பிறகு வந்த அந்த ஞாயிறுகள் ஒரே மாதிரிதான் போகும். அவர் கேட்டைத் திறந்துவிடுவார். "சாப்ட்டுச்சா?" என்று கேட்பேன். "காலையில கோழியும் சோறும் வெச்சேன், முழுசா சாப்ட்டுச்சு," என்பார். பிறகு காய்கறி வாங்கப் பாசாருக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே போய்விடுவார். நான் அவளைக் கடற்கரை ரோட்டுப் பக்கம் நடக்கக் கூட்டிப் போவேன். திரும்பி வரும்போது அவர் வந்திருப்பார். தடுப்பூசி, தோல் அரிப்பு, உண்ணி மருந்து என்று அவளைப் பற்றி ஏதாவது பேசுவோம். அவருடைய வேலை, என் வேலை, அவருடைய அண்ணன் வீடு, என் தங்கை வீடு என்று எதையும் தொட மாட்டோம். நாயை வைத்துக்கொண்டு நாங்கள் சண்டை போடாமல் பேசப் பழகினோம். கல்யாணமாகி ஒன்றாக இருந்த காலத்தில் அது எங்களுக்கு வராத காரியம்.

ஒரு ஞாயிறு என் காடி வாசலில் வந்து நின்ற சத்தம் கேட்டும் அவள் கேட்டுக்கு வரவில்லை. உள்ளே போய்ப் பார்த்தேன். ஹாலில் மின்விசிறிக்குக் கீழே படுத்திருந்தாள். வாலை மட்டும் தரையில் தட்டினாள். பக்கத்தில் குனிந்தபோது வாயிலிருந்து வேறு மாதிரி ஒரு வாடை வந்தது.

"தண்ணி நெறைய குடிக்குது," என்றார் அவர். "வெயிலு லா."

"வெயில் இல்ல. டாக்டர்கிட்ட காட்டுங்க."

ஆயர் ஈத்தாம் போகிற வழியில் ஒரு கிளினிக் இருந்தது. அதன் மருத்துவர் என் வயதுள்ள சீனப் பெண்மணி. ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, அவசரப்படாமல் ஆங்கிலத்தில் விளக்கினார். சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டன. திரும்பச் சரியாகாது. உப்பு நீரைத் தோலுக்கடியில் ஏற்றினால் உடம்பு கொஞ்சம் இலேசாக இருக்கும். வீட்டிலேயே செய்யலாம். அவள் சாப்பிட்டுக்கொண்டு, எழுந்து நடந்துகொண்டு, உங்களைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டுக்கொண்டு இருக்கும்வரை செய்யுங்கள் என்றார். அதற்குப் பிறகு என்ன என்று மருத்துவர் அன்று சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

வீட்டில் அவர்தான் ஊசி குத்தக் கற்றுக்கொண்டார். சொந்தக் கையில் முள் குத்தினாலே முகத்தைச் சுளிக்கிற மனிதர். நீர்ப் பையை ஜன்னல் கிரில்லில் மாட்டி, பிடரித் தோலைக் கிள்ளித் தூக்கி, ஊசியை உள்ளே விட்டு, அது இறங்கி முடிகிறவரை அவளைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். ஏற்றிய நீர் முதுகில் ஒரு பொதி போல நிற்கும். கொஞ்ச நேரத்தில் வழிந்து ஒரு முன்னங்காலுக்கு இறங்கிவிடும். அந்தக் காலோடு அவள் தத்தித் தத்தி நடப்பதைப் பார்த்து ஆரம்பத்தில் சிரித்தோம்.

முதல் மாதங்கள் நன்றாகவே போயின. பிறகு நான் வரும் ஒவ்வொரு ஞாயிறும் அவள் கொஞ்சம் குறைந்திருந்தாள். ஒரு முறை முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. அடுத்த முறை பின்னங்கால்கள் மொசைக் தரையில் வழுக்கின. அதற்கடுத்த முறை நான் உள்ளே வந்து உட்கார்ந்து வெகுநேரம் கழித்துத்தான் நான் வந்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்தது. அவரிடம் கேட்டால், "நேத்தைக்கு இன்னைக்குப் பரவாயில்ல," என்பார். பொய் சொல்லவில்லை. தினமும் கூடவே இருப்பவருக்கு நேற்றுக்கும் இன்றுக்கும் அதிக வித்தியாசம் தெரியாது. இரண்டு வார இடைவெளியில் வந்து பார்க்கிறவளுக்குத்தான் அது முகத்தில் அடிப்பது போலத் தெரியும்.

ஒரு நாள் கேட்டருகே நின்று சொல்லிவிட்டேன்.

"இவ ரொம்ப கஷ்டப்படறா. டாக்டர்கிட்ட பேசலாம்."

"என்னா பேசறது?"

"ஊசி போட்டு அனுப்பிடலாம்னு."

அவர் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "விட்டுட்டுப் போறது உனக்கு ஈசிதான் லா."

காடியில் ஏறிப் பாலத்துக்கு வந்தபோதுதான் கண்ணீர் வந்தது. பாலத்தில் நிறுத்தவும் முடியாது, துடைத்துக்கொண்டே ஓட்டினேன். வலித்தது அந்தச் சொல் மட்டும் இல்லை. அவளுடைய மூத்திரத்தைத் துடைப்பவர் அவர். நடுராத்திரியில் எழுந்து தண்ணீர் வைப்பவர் அவர். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சுத்தமான உடுப்போடு வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறவளுக்கு, போதும் என்று சொல்ல என்ன உரிமை இருக்கிறது என்று யோசித்தேன். கூடவே, தூரத்திலிருந்து பார்க்கிறவள் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது என்றும் தோன்றியது. செய்தித்தாள்களில் இதற்குக் கருணைக்கொலை என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல்லின் முன்பாதியை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்பாதி அவர் கண்ணை விட்டு அகலவில்லை.

அடுத்த வாரம் அலுவலகத்தில் லீவு போட்டேன். அவருக்குப் போன் செய்து, "நீங்க வேலைக்குப் போற நேரத்துல நான் வந்து அவளோட இருக்கறேன்," என்றேன். "சாவி பழைய எடத்துலதான் இருக்கு," என்றார்.

அந்த வீட்டை நான் அப்போதுதான் உண்மையாகப் பார்த்தேன். ஹால் முழுக்கப் பழைய கைலிகளும் பிளாஸ்டிக் விரிப்பும். வழுக்காமல் இருக்க, அவள் படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரைக்கும் ரப்பர் பாய்களை ஒன்றோடொன்று சேர்த்து ஒரு பாதை போட்டிருந்தார். அவள் படுக்கைக்குப் பக்கத்தில் அவருடைய தலையணை கிடந்தது. படுக்கையறைக் கட்டிலில் துவைத்த துணிகள் மலையாகக் கிடந்தன. அங்கே யாரும் படுத்து நாளாகியிருந்தது. அடுப்படியில் ஒரு சட்டி மட்டும்தான் புழக்கத்தில் இருந்தது. அதில் அவளுடைய கோழி வெந்திருந்தது. அவர் என்ன சாப்பிடுகிறார் என்பதற்கு அடையாளமே இல்லை.

அவளைத் தூக்கிப் பின்பக்கம் கொண்டுபோய் நிறுத்தி, இடுப்புக்குக் கீழே துண்டைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு நிற்பது எவ்வளவு வேலை என்று என் முதுகுக்கு அன்றே தெரிந்துவிட்டது. சாயங்காலம் அவர் வந்தபோது நான் ஊசியைப் பற்றி மறுபடி பேசவில்லை. சோறும் ஒரு குழம்பும் ஆக்கி வைத்திருந்தேன். அவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத் தட்டை எடுத்தார்.

அந்த வாரத்தின் நடுவில் ஒரு நல்ல நாள் வந்தது. மதியம் ரொட்டிக்காரருடைய மோட்டார் சைக்கிள் ஹாரன் அடித்துக்கொண்டு எங்கள் வீட்டு வரிசைக்குள் திரும்பியது. அவள் தலையைத் தூக்கினாள். காதுகள் நிமிர்ந்தன. தானே எழுந்து, ரப்பர் பாய்ப் பாதையை விட்டு விலகி, வழுக்கி, மறுபடி சமாளித்து, கிரில் கதவு வரைக்கும் போய்க் குரைத்தாள். ஒரே ஒரு குரைப்பு, கனமாக, பழைய மாதிரி. ரொட்டிக்காரர் கூட வண்டியை நிறுத்தி, "ஓய், இன்னும் இருக்கியா நீ!" என்றார்.

நான் உடனே அவருக்குப் போன் செய்தேன். அவர் அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு, மீன் பொட்டலத்தோடு வந்துவிட்டார். முள்ளெடுத்து ஊட்டினார். இரண்டு வாய் சாப்பிட்டாள். அவர் முகத்தைப் பார்த்தபோது, நான் நினைத்தது தப்பாக இருக்கட்டும் என்று எனக்கே ஆசை வந்தது. இன்னும் ஒரு மாதம், தீபாவளி வரைக்கும், என்று கணக்குகூடப் போட்டேன்.

மறுநாள் அவளால் எழவே முடியவில்லை. சாப்பிட்ட மீன் வெளியே வந்துவிட்டது. புரட்டிப் படுக்க வைத்தால் தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்றும் சொல்ல முடியாது. கதவு உராய்வது போல ஒரு சத்தம். முகத்தைச் சுவரின் பக்கம் வைத்துக்கொண்டாள். கூப்பிட்டால் திரும்பவில்லை. கையை மூக்குக்கருகே கொண்டுபோனேன், நக்கவில்லை.

அவர் வேலை முடிந்து வந்து, உடுப்பு மாற்றாமல் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "எனக்குத் தெரியாமலா இருக்கு?" என்றார்.

நானும் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அப்பாவுக்கு ஆஸ்பத்திரில மெசின எடுக்கலாமான்னு கேட்டப்போ நாந்தானே சரின்னு சொன்னேன். அண்ணன் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜாம்ல மாட்டிக்கிட்டாரு. டாக்டர் என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கறாரு. நான்தான் தலைய ஆட்டனேன்."

அந்த நாளில் நானும் அங்கே இருந்தேன். அவர் தலையாட்டியதைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. சரியாகத்தான் செய்தோம் என்று எல்லாரும் சொன்னார்கள், அவரும் ஆமாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார், அதோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"இன்னொரு தடவ என் வாயால சொல்ல முடியாது," என்றார். "சொன்னா அது என்கூடவே இருக்கும்."

எனக்கு அப்போது ஒன்று தோன்றியது. அதை யோசித்து அடுக்கிச் சொல்லவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"நீங்க சொல்ல வேணாம். நான் சொல்றேன். நான் சொன்னதாவே இருக்கட்டும். எப்படியும் என் மேல கோவமாதானே இருக்கீங்க. இதையும் அதோட சேத்துக்கங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். சிரிக்கப்போகிறாரா அழப்போகிறாரா என்று தெரியாத ஒரு முகம். "இப்ப அவ்ளோ கோவம் இல்ல," என்றார். பிறகு, "போன் பண்ணு," என்றார்.

மருத்துவர் வீட்டுக்கே வருவதாகச் சொன்னார். சனிக்கிழமை காலை வந்தார். வெயில் இன்னும் ஏறவில்லை. அதற்கு முன் நான் அவள் உடம்பை வெந்நீர்த் துணியால் துடைத்துவிட்டிருந்தேன். நான் துடைத்துக்கொண்டிருக்கும்போது அவர் எதிர்க்கடையிலிருந்து ஐஸ்கிரீம் வாங்கி வந்து விரலில் எடுத்து அவள் உதட்டில் தடவினார். நாக்கு ஒரு முறை வெளியே வந்து உள்ளே போயிற்று. அதைப் பார்த்தாயா என்பது போல அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

முதல் ஊசி தூங்க வைக்க, இரண்டாவதுதான் கடைசி என்று மருத்துவர் சொன்னார். எங்களுக்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருப்பதாகவும் சொன்னார். மருத்துவர் ஊசியைத் தயார் செய்யும்போது அவர் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டார். நான் பின்னங்கால்களைப் பிடித்துக்கொண்டேன். முதல் ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் அவள் குறட்டை விட ஆரம்பித்தாள். நல்ல நாளில் விடுகிற அதே குறட்டை. எங்களைத் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிக்கொள்ள வைக்கிற குறட்டை. மாதக்கணக்கில் அதைக் கேட்கவில்லை. அவர் முதலில் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். மருத்துவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அவர், "இப்ப போடுங்க டாக்டர், இப்படியே இருக்கறப்பவே," என்று தமிழிலேயே சொன்னார். மருத்துவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் புரிந்துகொண்டார்.

குறட்டை எப்போது நின்றது என்று இருவருக்கும் தெரியவில்லை. மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துவிட்டுத் தலையை அசைத்தபோதுதான் தெரிந்தது.

அடக்கம் செய்ய எங்களுக்கு இருந்தது ஒரே இடம்தான். சுங்கை பாக்காப்பில் அவருடைய அண்ணன் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் நிலம் இருக்கிறது. அவருடைய கைலியில் அவளைச் சுற்றிப் பின் இருக்கையில் கிடத்தினோம். அவர் ஓட்டினார். பாலத்தில் ஏறியதும் கை நீட்டி ஏர்கோனைக் குறைத்தார். "பின்னாடி இவளுக்குக் குளிரும்," என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. மறுபடி கூட்டவில்லை. அப்படியே வியர்த்துக்கொண்டு போனோம்.

அந்த வீட்டுக்கு நான் பல ஆண்டுகளாகப் போகவில்லை. அண்ணி, அதாவது அவருடைய அண்ணன் மனைவி, நான் பிரிந்து போன நாளிலிருந்து என்னோடு பேசியதில்லை. ஒரு கல்யாண வீட்டில் எதிரெதிராக வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டவர். நான் காடியிலேயே உட்கார்ந்திருந்துவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் அவளைத் தூக்க இரண்டு பேர் வேண்டும்.

அண்ணன் ரம்புத்தான் மரத்தடியில் குழி வெட்டி வைத்திருந்தார். மண் ஈரமாக, செம்மண்ணாக இருந்தது. நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து இறக்கினோம். அண்ணன் கொஞ்சம் மஞ்சளும் பூவும் கொடுத்தார். போட்டோம். மண்ணைத் தள்ளும்போது அண்ணி பின்கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றார்.

"நாய்க்கு என்னாச்சு? தானா போச்சா?"

"ஊசி போட்டாங்க," என்றார் அண்ணன்.

அண்ணி என்னைப் பார்த்தார். "யாரு முடிவு பண்ணது?"

கேள்வி எந்தத் திசையில் வருகிறது என்று எனக்குத் தெரியும். நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குத்தானே ஒப்புக்கொண்டிருந்தேன். மண்வெட்டியைக் கீழே வைக்காமலே அவர் சொன்னார்: "நாங்க ரெண்டு பேரும்தான் அண்ணி. நல்லா யோசிச்சுதான் பண்ணோம்."

அண்ணி கொஞ்ச நேரம் குழியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போனார். அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஆனால் நாங்கள் குழாயடியில் கையலம்பும்போது ஒரு துண்டோடு வந்து என்னிடம் நீட்டினார்.

"தலைக்குக் குளிச்சிட்டு வா. ரசம் வெச்சிருக்கேன். சாப்ட்டுட்டுப் போ."

குளித்துவிட்டு வந்தேன். மாற்றுடுப்பாக அண்ணியின் பாஜு சட்டை ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது, எனக்குத் தொளதொளவென்று இருந்தது. நால்வரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். நெத்திலி சம்பலை என் பக்கம் தள்ளி வைத்து, "இளைச்சுப் போயிட்ட," என்றார் அண்ணி. அதற்கு மேல் பழையதைப் பற்றி யாரும் எதுவும் பேசவில்லை.

இதைக் கேட்ட என் தங்கை, நாங்கள் மறுபடி சேர்ந்துவிடுவோம் என்று நினைத்தாள். அப்படி நடக்கவில்லை. நடக்கும் என்று நாங்கள் இருவருமே எதிர்பார்க்கவில்லை. சேர்ந்து இருக்க முடியாத காரணங்கள் எல்லாம் அப்படியே இருந்தன. அந்தக் காரணங்களைத் தாண்டி ஒரு காரியத்தை ஒழுங்காகச் செய்து முடித்தோம் என்பது மட்டும் புதிது.

சில மாதம் கழித்து அவர் வேலை விஷயமாகப் பத்து காவான் பக்கம் வந்தபோது போன் செய்தார். சாலையோர நாசி கண்டார் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். தே தாரிக் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். குடிக்கவில்லை.

"ஒன்னு கேக்கறேன். அவசரப்பட்டுட்டோமா? அன்னைக்கு ரொட்டிக்காரனப் பாத்து குரைச்சுச்சே. இன்னும் ஒரு வாரம் பாத்திருக்கலாமோ?"

அந்தக் கேள்வி எனக்கும் வருவதுண்டு. எனக்கு வேறு விதமாக வரும். முகத்தைச் சுவரின் பக்கம் வைத்துக்கொண்டு கிடந்த அந்த நாட்களை அவளுக்கு மிச்சப்படுத்தியிருக்கலாமே என்று. அந்தக் குரைப்பு இல்லாமலிருந்தால் முந்தியே சொல்லியிருப்பேன் என்று.

"தெரியலங்க," என்றேன். "எனக்கு லேட்டாப் பண்ணிட்டோம்னு தோணும்."

அவர் யோசித்தார். "அப்ப நமக்குள்ள இன்னும் ஒத்துப்போகல."

"இல்ல."

"சரி லா," என்றார். ஆறிப்போன தேயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுந்தார். மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டது. நான் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். சரியான நாள் என்று ஒன்று இருந்திருக்குமா என்று யோசித்துப் பார்த்தேன். இருந்திருந்தால் அது எங்கள் இருவருக்கும் தெரியாமல் போயிருக்கும். நாங்கள் தேர்ந்தெடுத்தது எங்களால் முடிந்த நாள்.